விடிய விடியக் கூத்து பார்க்க வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்யாறு பக்கம் பிறந்து, பிழைப்புக்குச் சென்னை வந்து, இன்றைக்கும் சீசன் வந்தால் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடுகிற ஆள் நான். வருஷா வருஷம் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரையாவது கூட்டிப் போவேன். போகிற வழியில், நடு ராத்திரி டீ குடிக்கும்போது, திரும்பி வரும்போது என்று அவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அடுத்த முறை வருகிறவர்கள் படித்துவிட்டே வரலாம் என்று தோன்றியது.

கூத்து என்றால் எந்தக் கூத்து? தெருக்கூத்தா, கட்டைக்கூத்தா?

இரண்டு பெயரும் ஒரே கலைக்குத்தான். திருவண்ணாமலை, காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர், விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க ஆடுவார்களே, அது. எங்கள் ஊரில் வெறும் "கூத்து" என்றுதான் சொல்வோம். கட்டை என்பது ராஜா வேஷங்கள் தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டிக்கொள்கிற மர அணிகள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள், எடை குறைவு என்பதால். மேலே ஜிகினாத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டுவார்கள். 1990ல் பெருங்கட்டூர் பொ. ராஜகோபாலும் சக கலைஞர்களும் காஞ்சிபுரத்தில் சங்கம் தொடங்கியபோது "கட்டைக்கூத்து" என்ற பெயரையே முன்வைத்தார்கள். தெருக்கூத்து என்றால் ஏதோ தெருவில் போகிறபோக்கில் போடுகிற ஆட்டம் என்ற அலட்சியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொழிலாகக் கற்றுச் செய்கிறவர்களுக்கு அது மரியாதையாக இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. பழக்கதோஷத்தில் நான் கூத்து என்றே எழுதுகிறேன்.

எப்போது, எங்கே பார்க்கலாம்?

மாசி, பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும். ஒவ்வொரு ஊரிலும் பாரதம் வைப்பார்கள். மத்தியானம் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்திலிருந்து பாட்டு எடுத்துக் கதை சொல்வார், ராத்திரி கூத்து. பத்து நாளும் நடக்கும், இருபது நாளும் நடக்கும், ஊரின் வசதியைப் பொறுத்தது. கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் செய்து படுக்க வைத்த பிரம்மாண்டமான துரியோதனனைச் சுற்றிக் கூத்து நடக்கும், பீமன் தொடையைப் பிளப்பான், திரௌபதி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி. இவ்வளவையும் பார்க்க லீவு கிடைக்காது என்றால் ஒரு ராத்திரி போதும். ஒன்பதரை, பத்துக்குக் களரி கட்டுவார்கள், அதாவது மேளம், தாளம், ஆர்மோனியம் எல்லாம் சேர்ந்து முழங்கி ஊரைக் கூட்டுவார்கள். விடிகிற வரை நடக்கும்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே? அப்புறம் எதற்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்?

கதை தெரிந்திருப்பதால்தான். கர்ணன் சாகப்போகிறான் என்பது முன் வரிசையில் அரைத் தூக்கத்தில் கிடக்கும் குழந்தைக்கும் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்ற கவலை இல்லை என்றால் கவனம் முழுவதும் எப்படிச் செய்கிறார்கள் என்பதில் போய் நிற்கும். இந்த வருஷக் கர்ணன் எப்படிப் பாடுகிறான், போன வருஷம் வந்த ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், கர்ணனைவிட உசத்தியா, தாளம் இல்லாமல் பாடுகிற விருத்தத்தை எங்கே ஏற்றினான், எங்கே விட்டான். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஒரு பாட்டி, துரியோதனன் திரைக்குப் பின்னால் பாடும்போதே "இவன் தொண்டை நாலு மணிக்கு மேல நிக்காது" என்று சொல்லிவிடுவார். சொன்னபடிதான் ஆகும். அந்தப் பாட்டிக்கு இருந்தது ரசனை. ஐம்பது வருஷம் பார்த்துப் பார்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு வந்த ரசனை.

நல்ல வேஷக்காரர் யார் என்று புதிதாக வருகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பது?

திரையைப் பாருங்கள். முக்கியமான வேஷம் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னால் வேஷக்காரர். நமக்குத் தெரிவது மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், அவ்வளவுதான். அந்த நிலையிலேயே அவர் விருத்தம் பாடுவார், தன்னைப் பற்றித் தானே இன்ன மகாராஜன் வருகிறான் என்று படர்க்கையில் பாடுவார், நடுநடுவே சலங்கையை ஒரு உதறு உதறுவார். சாதாரணமாக ஆடுகிறவர் சீக்கிரம் துணியை விலக்கச் சொல்லி வெளியே வந்துவிடுவார். தேர்ந்தவர் நம்மைக் காக்க வைப்பார். ஒருமுறை ஒரு துரியோதனன் கால் மணி நேரத்துக்கு மேல் திரைக்குப் பின்னாலேயே இருந்தார். முதலில் ஒரு கை மட்டும் மேல் விளிம்பைப் பிடித்தது. ஐந்து விரலும் ஒரே நேரத்தில் இல்லை, ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. அப்புறம் கிரீடம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்குள் கூட்டத்தில் பாதி எழுந்து நின்றுவிட்டது. இன்னும் முகத்தையே காட்டவில்லை அந்த மனிதர்.

இரண்டாவது, பாடாதபோது என்ன செய்கிறார் என்று பாருங்கள். கூத்தில் ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது மற்றவருக்குச் சமயத்தில் பத்து நிமிஷம் வரை வேலையே இருக்காது. அந்த நேரத்தில் சிலர் கிரீடத்தைச் சரிசெய்வார்கள், கூட்டத்தில் தெரிந்தவர் இருக்கிறாரா என்று தேடுவார்கள், பின்னால் பெஞ்சில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். தண்ணீர் குடிப்பது தப்பே இல்லை, எட்டு மணி நேரம் ஆட வேண்டிய உடம்பு. ஆனால் சிலர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் ராஜாவாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். பாவாடை விரிப்பு, முழங்கால் அகலம், கத்தியைப் பிடித்திருக்கும் விதம், ஒன்றும் தளராது. அவர்களை விடாமல் கவனியுங்கள்.

மூன்றாவது, மூச்சு. பெரிய வேஷக்காரர் வட்டமாகச் சுழன்று சுழன்று ஆடி வந்து நின்ற அடுத்த நொடியே பாட்டை எடுப்பார், குரலில் மூச்சிரைப்பு தெரியாது. கட்டைகளின் பாரம், அடுக்கடுக்கான துணி, முகத்தில் இரண்டு மணி நேரம் போட்ட அரிதாரம், சித்திரை மாதப் புழுக்கம் எல்லாவற்றோடும் இதைச் செய்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு ஒன்றும் புரியவில்லையே?

முதல் அரை மணி நேரம் யாருக்குமே சரியாகப் புரியாது, காது பழக வேண்டும். பயப்பட வேண்டாம், புரிய வைக்கும் ஏற்பாடு கூத்துக்குள்ளேயே இருக்கிறது. ராஜா பாடி முடித்ததும் கட்டியக்காரன் "என்ன மகராஜா சொன்னீங்க?" என்று கேட்பான். ராஜா அதையே வசனமாகச் சொல்வார். கட்டியக்காரன் அதை இன்னும் எளிதாக, உங்கள் ஊர்ப் பேச்சில், பக்கத்து வீட்டு வரப்புத் தகராறைச் சொல்வதுபோலத் திருப்பிச் சொல்வான். ஒரே செய்தி மூன்று தரம் வருகிறது, மூன்று தரமும் வேறு வேறு மொழியில். பாட்டில் விட்டதை வசனத்தில் பிடிக்கலாம், வசனத்தில் விட்டதைக் கட்டியக்காரன் கொண்டுவந்து கையில் கொடுப்பான்.

அப்படியானால் கட்டியக்காரன் வெறும் கோமாளி இல்லையா?

இல்லை, என்னைக் கேட்டால் ராத்திரியைக் கையில் வைத்திருப்பதே அவன்தான். முதலில் வருவதும் அவன்தான். தூதன், காவல்காரன், வேலைக்காரன், சமயத்தில் நம்மில் ஒருவன், இப்படி எல்லா வேலையும் அவனுக்கு. கூட்டம் சோர்கிறது என்றால் சிரிக்க வைப்பான், அழ வேண்டிய இடம் வருகிறது என்றால் சத்தமே இல்லாமல் ஒதுங்குவான். இந்த ஒதுங்குவதுதான் கஷ்டம். சிரிப்பு வாங்கிப் பழகியவனுக்கு வாயை மூடுவது லேசில் வராது. இப்போது சில ஜமாக்களில் கட்டியக்காரன் சினிமாப் பாட்டும் இரட்டை அர்த்தமுமாக ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடுகிறான். கைதட்டும் கிடைக்கிறது, எனக்கோ அந்த ஒரு மணி நேரம் வீண். அதற்குப் பிறகு திரௌபதி வந்து அழுதால் யார் காதிலும் விழாது. நல்ல கட்டியக்காரன் ராஜாவையே கேள்வி கேட்பான், அதுவும் கேலியாக, அதுவும் நம் மனசில் இருக்கிற கேள்வியை. சபையில் ஒரு பெண்ணை இழுத்து வருகிறார்களே, பெரியவர்கள் எல்லாம் வாயில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று அவன் கேட்கும்போது சிரிப்பு வந்துவிட்டுப் பாதியில் நின்றுபோகும்.

பாட்டையெல்லாம் எழுதியது யார்? எழுத்து என்று இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

நிறைய. பாரதக் கூத்துகளுக்குப் பின்னால் வில்லிபுத்தூரார் நிற்கிறார். பாரதத்தை 10 பருவங்களில், 4,000க்கு மேற்பட்ட விருத்தங்களில் பாடியவர். பதினெட்டாம் நாள் போரோடு நிறுத்திக்கொண்டார், கூத்தும் ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. அவருடைய சந்தம் காலில் ஆட்டத்தைக் கொண்டுவருகிற சந்தம். ஆனால் கூத்தில் பாடும் பாட்டு எல்லாம் வில்லி பாடியதில்லை. ஊர் ஊராகக் கூத்து வாத்தியார்கள் எழுதியது, நோட்டுகளில் கைமாறி வந்தது, பேர் தெரியாமல் போன புலவர்கள் கட்டியது.

எழுத்தின் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதில். கதாபாத்திரம் தன் நிலைமையை நினைத்துத் தனக்குள் உருகும்போது தாளம் இல்லாமல் விருத்தம். ஆட்டத்தோடு நகர வேண்டிய இடத்தில் தாளக்கட்டோடு தரு என்கிற பாட்டு. வாக்குவாதம் சூடாகும்போது ஆளுக்கு ஒரு அடி, அப்புறம் ஆளுக்குப் பாதி அடி என்று வரியே குறுகிக்கொண்டு போகும். பிறகு வசனம். பாட்டு மனப்பாடம், வசனம் பெரும்பாலும் அன்றைக்குப் பேசுவது. எழுதின பாட்டையும் எழுதாத வசனத்தையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் கோக்கிறார். எந்த இடத்தில் நோட்டு முடிந்து சொந்தச் சொல் ஆரம்பிக்கிறது என்று நமக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தையல் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே வரியை ஏன் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள்?

மூன்று பக்கமும் ஜனம் உட்கார்ந்திருக்கிறது. மைக் இல்லாத காலத்தில் ஒரு பக்கம் பார்த்துப் பாடினால் அடுத்த பக்கத்துக்குக் கேட்காது, அதனால் திரும்பித் திரும்பிப் பாடினார்கள். அதோடு, வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடும்போது அவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது, அந்த இடத்தில்தான் ஆட்டம். கூர்ந்து கேட்டால் தேர்ந்த பாடகர் மூன்று முறையும் ஒரே மாதிரிப் பாட மாட்டார். முதல் தரம் சொல்லை அழுத்துவார், இரண்டாம் தரம் ராகத்தை இழுப்பார், மூன்றாவது தரம் அடியைப் பாதியில் விட்டுவிட்டு முகத்தால் முடிப்பார்.

பின்னால் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்களையும் கவனிக்க வேண்டுமா?

கண்டிப்பாக. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், கைத்தாளம், முகவீணை. முகவீணை என்றால் வீணை இல்லை, நாகஸ்வரத்தின் தம்பி என்று சொல்லலாம், சின்னக் குழல், கூர்மையான சத்தம். நல்ல முகவீணைக்காரர் பாடகரின் நிழல் மாதிரி போவார். பாடகர் மூச்சுக்கு நிறுத்தும் இடத்தில் சுருதி அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்வார். வாசிக்கிறவர்கள் குறைந்துபோனார்கள், பல இடங்களில் கீபோர்டு வந்து உட்கார்ந்துவிட்டது. கீபோர்டு மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்த ஊசி முனைச் சத்தம் அதில் வராது.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். கர்ண மோட்சம் நடந்துகொண்டிருந்தது. கர்ணன் போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிற கட்டம், மணி இரண்டரை இருக்கும், கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது, விளக்கு செத்தது. ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள், பிடிக்கவில்லை. நான்கைந்து பேர் பைக்கைத் திருப்பி ஹெட்லைட் போட்டார்கள். கர்ணன் நிறுத்தவில்லை. முகவீணைக்காரர் பெஞ்சைவிட்டு எழுந்து வந்து அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றார். மிருதங்கக்காரர் வலக்கையை அடக்கிக்கொண்டு தொப்பிப் பக்கம் மட்டும், உள்ளங்கையால் தடவுகிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். ஆர்மோனியம் சுருதியோடு நின்றுகொண்டது. கர்ணன் விருத்தத்தை எடுத்தார், முகாரி. பின் வரிசையில் இருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யார் எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்று நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. அரை மணி கழித்து லைட் வந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர், "ஏன்டா போட்டீங்க" என்றார்.

பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுகிறார்களே, உறுத்தாதா?

ஐந்து நிமிஷம் உறுத்தும். அப்புறம் அந்தப் பொன்னுருவி கர்ணனைத் தேரோட்டி மகன் என்று இளக்காரமாகப் பார்க்கும் பார்வையில் எல்லாம் மறந்துபோகும். பெண் வேஷம் கட்டுகிறவர் இடுப்பை ஆட்டினால் அது மட்டம். கையை எங்கே வைக்கிறார், சேலைத் தலைப்பை எப்போது இழுத்துக்கொள்கிறார், குரலைக் கீச்சாக்காமல் எப்படி மென்மையாக்குகிறார், இதில்தான் இருக்கிறது. பொன்னுருவி வேஷம் இன்னும் கஷ்டம். முதலில் அவளை நாம் வெறுக்க வேண்டும். கர்ணன் தன் பிறப்பைச் சொன்னதும், இத்தனை வருஷம் தான் பேசியதெல்லாம் அவளுக்கே திரும்பி வரும்போது அவளுக்காக அழ வேண்டும். இரண்டையும் ஒரே ராத்திரியில் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் 2002ல் தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை வேஷம் வரை கற்று மேடை ஏறினார்கள். ஒரு பெண் ராஜா வேஷம் கட்டி அடவு போட்டதைப் பார்த்த பிறகு, ஆண் குரல்தான் வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

எல்லாரும் கத்துகிறார்களே, ஓவர் ஆக்டிங் மாதிரி இருக்கிறதே?

சினிமாவில் கேமரா முகத்துக்கு ஒரு அடியில் இருக்கிறது. இங்கே கடைசி வரிசையில், மாட்டு வண்டி மேல் உட்கார்ந்திருக்கிறவருக்கும் துச்சாதனன் கண் உருட்டுவது தெரிய வேண்டும். அளவு பெரிதாக இருப்பதால் நுட்பம் இல்லை என்று நினைக்காதீர்கள். தேருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் பெரிய மரம்தான் தெரியும், கொஞ்சம் தள்ளிப் போனால்தான் செதுக்கு தெரியும். வெறும் கத்தலும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இரண்டையும் பிரிக்க ஒரு வழி: கத்தலுக்கு ஒரே உயரம்தான். கலைஞனின் குரலுக்கு மாடிப்படி உண்டு.

துகிலுரிதல் ராத்திரி கிடைத்தால் பாருங்கள். துச்சாதனன் அவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணி வந்து, சேலையில் கை வைக்கும் முன்னால் சட்டென்று நின்று, அம்மனை நினைத்துக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு, நான் வேஷக்காரன், என் மேல் குற்றம் இல்லை தாயே என்கிற மாதிரி வேண்டிக்கொள்வதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷம் அரக்கனிலிருந்து பக்தனாக இறங்கி, மறுபடி அரக்கனாக ஏறுகிறார். உடம்பே மாறுகிறது. பார்க்கிறவர்களில் சிலருக்கு அருள் வந்துவிடும், ஒதுங்கி வழிவிடுங்கள்.

வள்ளி திருமணம் நாடகமும் இதுவும் ஒன்றா?

வேறு. மதுரை, புதுக்கோட்டை பக்கம் நடக்கும் இசை நாடகம் அது, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்தது. மேடை, சீன், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், தர்க்கம் என்று அதன் ரசனைக்கு வேறு கணக்கு. அதற்குத் தனியாக ஒரு ராத்திரி ஒதுக்குங்கள்.

நகரத்தில் அரங்கத்திலேயே போடுகிறார்களே, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்களே, அது போதாதா?

அதுவும் வேண்டும். புரிசை என்கிற ஊரின் தம்பிரான் குடும்பத்துக் கூத்தைப் பார்த்துத்தான் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி போன்றவர்கள் நவீன நாடகத்துக்கான உடல்மொழியை அங்கே தேடினார்கள், 1977ல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு வந்தது. புரிசைக்காரர்கள் அரங்கத்துக்கு ஏற்றபடி அளவாகவும் ஆடத் தெரிந்தவர்கள். ஆக, நகரம் பார்த்ததால் நல்லது நடந்திருக்கிறது.

எனக்கு வருத்தம் வேறு. ஒரு விழாவில், பெயர் வேண்டாம், ஒரு ஜமாவை வரவழைத்து நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள். பத்து நிமிஷம் பொன்னாடை, பத்து நிமிஷம் உரை. மிச்சம் இருபது நிமிஷத்தில் துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்து, இரண்டு சுற்று சுற்றி, போட்டோவுக்கு நின்றார். கிராமத்தில் அதே மனிதர் திரைக்குப் பின்னால் மட்டுமே அவ்வளவு நேரம் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். நேரம் என்பது கூத்தில் ஒரு கருவி, மிருதங்கம் மாதிரி. அதைப் பிடுங்கிக்கொண்டு வாசி என்றால் எப்படி?

நடுவில் தூங்கலாமா?

தாராளமாக. ஒரு மணிக்குத் தூங்கி மூன்றுக்கு எழுந்தாலும் கதை உங்களுக்காகக் காத்திருக்கும். பாயும் போர்வையும் கொண்டு வாருங்கள்.

அழிந்துவரும் கலை, நாம்தானே ஆதரிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை அன்போடுதான் கேட்கிறார்கள், தெரியும். ஆனாலும் சொல்கிறேன், இந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. "அழிந்துவரும்" என்று ஆரம்பித்ததுமே பார்க்கிறவர் மனசு ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிறவர் மனசாகிவிடுகிறது. படுத்திருப்பவரிடம் யாரும் சுருதி சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் "அருமை, அருமை" என்று சொல்லிவிட்டு, எது நன்றாக இருந்தது என்று கேட்டால் விழிப்பார்கள்.

கலைஞர்களுக்குப் பணக் கஷ்டம் இருக்கிறது, மழைக் காலத்தில் வேலை இல்லை, பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்புகிறார்கள், எல்லாம் உண்மை. கூலி உயர வேண்டும், ஓய்வூதியம் ஒழுங்காக வர வேண்டும். அது ஒரு பக்கம். ஆனால் களரியில் நிற்கிற மனிதர் அந்த நேரத்தில் நம்மிடம் எதிர்பார்ப்பது இரக்கத்தை இல்லை. பதினைந்து, இருபது வருஷம் வாத்தியாரிடம் அடியும் திட்டும் வாங்கிக் கற்றது ஒருவர் கண்ணிலாவது படுகிறதா என்று பார்க்கிறார். சரியான இடத்தில் தலையாட்டுங்கள். தப்பான இடத்தில் தலையாட்டாதீர்கள். அதற்கு முதலில் எது சரி, எது தப்பு என்று தெரிய வேண்டும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கைதட்டலாமா? பணம் கொடுக்கலாமா? வீடியோ?

கைதட்டலாம், விசிலும் அடிக்கலாம், ஊரே அடிக்கும். பணம் கொடுத்தால் கட்டியக்காரன் உங்கள் பேரைச் சொல்லி வாழ்த்துவான். கொடுப்பதை ஒரு கட்டம் முடிந்ததும் கொடுங்கள், அழுதுகொண்டிருக்கும் குந்தியின் சேலையில் நூறு ரூபாயைக் குத்தாதீர்கள். வீடியோ எடுக்குமுன் வாத்தியாரைக் கேளுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

முதல் முறை எந்தக் கதை பார்க்கலாம்?

கர்ண மோட்சம். பாட்டு, நடிப்பு, எழுத்து மூன்றுக்கும் இடம் இருக்கிற கதை, அழாமல் எழுந்து வந்தவர்கள் குறைவு. ஆட்டம் அதிகம் வேண்டும் என்றால் பதினெட்டாம் போர். அர்ச்சுனன் தபசு கொஞ்சம் வேறு மாதிரி. உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார், கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள், மேலிருந்து எலுமிச்சம்பழம், விபூதி எல்லாம் விழும். அங்கே கூத்து எது, கோயில் எது என்று பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம்.

நன்றாக இல்லை என்றால் சொல்லலாமா? கலைஞர் மனசு புண்படாதா?

ஊர்க்காரர்கள் சொல்கிறார்களே. விடிந்ததும் டீக்கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். சல்லியனுக்கு வசனம் போதாது, பின்பாட்டு ஒட்டவில்லை, மோகனம் எடுத்தது வேறெங்கோ போய்விட்டது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பார்கள். நன்றாக இருந்ததையும் அதே கறாரோடு சொல்வார்கள், இன்ன பாட்டில் இன்ன அடி என்று.

போன வருஷம் ஒரு விடிகாலையில் வேஷம் கலைக்கும் இடத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத் திண்ணை. கர்ணன் வேஷம் கட்டியவர், அறுபது வயதை ஒட்டியவர், தேங்காய் எண்ணெயைத் தடவி முகத்து வண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார், ஒரு கன்னம் இன்னும் கர்ணன், ஒரு கன்னம் அவர். மார்புக் கட்டையின் கயிறு இறுகித் தோளில் சிவந்திருந்தது. ரொம்ப நல்லா இருந்ததுண்ணே என்றேன். "அது இருக்கட்டும்," என்றார், துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பொன்னுருவி கட்டத்துல ரெண்டாவது விருத்தம், மேல எடுக்கிற எடத்துல சுருதி கொஞ்சம் எறங்கிச்சு. ஒனக்குக் கேட்டுச்சா?"

கேட்டது என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளி, உட்காரச் சொன்னார்.